டர்போவை மாற்றும் முன் ஒரு கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்

சமவெளியில் குறை தெரியாமல் ஓடும் பழைய டீசல் வேன், மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் திணறத் தொடங்குகிறது. போன வருஷம் மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாம் கியர் போட்டும் இழுவை இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டியை மறைக்கும் அளவுக்குக் கறுப்புப் புகை. ஊர் திரும்பிப் பட்டறையில் விட்டால் பெரும்பாலும் வரும் பதில்: “டர்போ போயிடுச்சுங்க, மாத்திடலாம்.”

சில நேரம் அது உண்மைதான். ஆனால் டர்போ நல்ல நிலையில் இருக்க, அதற்குள் இருக்கும் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு மட்டும் துருவாலோ கரியாலோ இறுகிப்போயிருப்பதும் உண்டு. சிறிய டர்போக்களில் அந்தக் கதவு ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணய அளவுதான். அது இறுகியிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க டர்போவைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு கிளிப்பைக் கழற்றினால் போதும். அந்தச் சோதனையைச் செய்யாமல் டர்போ மாற்றச் சம்மதிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதவுக்கு அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, சைலன்சருக்குப் போகும் வழியில் டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்கலாம், இழுவை கிடைக்கும். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கு 1905ல் காப்புரிமை பெற்றார். பிறகு இது கப்பல், ரயில் எஞ்சின்களிலும் லாரிகளிலும் புகுந்தது. சாலை வண்டிக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பெரிய டர்போ வைத்தால், எஞ்சின் வேகமாகச் சுழன்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் நின்று எடுக்கும்போதும் பயன் தராது. சின்ன டர்போ வைத்தால் குறைந்த வேகத்திலேயே வேலை செய்யும். ஆனால் எஞ்சின் வேகம் கூடும்போது அது கட்டுமீறிச் சுழன்று காற்றழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். சின்ன டர்போவை வைத்துக்கொண்டு, அழுத்தம் போதுமான அளவைத் தொட்டதும் புகையில் ஒரு பங்கை டர்பைனுக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்பிவிடுவது என்ற ஏற்பாட்டை 1970களின் கடைசியில் சாப் 99 டர்போ கார் அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றதாக ஆக்கிக் காட்டியது. அந்தப் பக்கவழியின் கதவுதான் வேஸ்ட்கேட். ஏரி நிரம்பியதும் மிச்ச நீரை வெளியேற்றக் கலங்கல் இருக்கிறதே, அந்த வேலைதான்.

கதவை இயக்குவது ஆக்சுவேட்டர். டர்போவின் ஓரமாகச் சின்னத் தகர டப்பா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரமும் கெட்டியான ஸ்பிரிங்கும். கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் டப்பாவுக்கு வரும். டப்பாவிலிருந்து ஒரு ராடு வெளியே நீண்டு, டர்பைன் பக்கத்தில் ஒரு சிறிய லீவரின் பின்னில் மாட்டியிருக்கும். பின் கழன்றுவிடாமல் இருக்க நுனியில் ஒரு லாக் கிளிப். காற்றழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கை வென்று ராடைத் தள்ளும், லீவர் திரும்பும், உள்ளே கதவு திறக்கும். அழுத்தம் குறைந்ததும் ஸ்பிரிங் கதவை மூடிவிடும். பழைய டீசல் வேன்களில் இந்த அழுத்தம் பொதுவாக 0.6 முதல் 1 பார் வரை, அதாவது 9 முதல் 15 பிஎஸ்ஐ. டயர் கடையில் 35 வை என்கிறோமே, அதே அளவுகோலில்தான் இதுவும்.

இறுகல் பெரும்பாலும் லீவருக்கும் கதவுக்கும் இடையே இருக்கும் சிறிய அச்சில் நேர்கிறது. அந்த அச்சு டர்பைன் உறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு புஷ்ஷுக்குள் மயிரிழை இடைவெளியில் திரும்ப வேண்டும். முழுச் சுமையில் மலையேறும்போது அந்த இடத்துக்கு வரும் புகை 600, 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். ஆயில் போட வழி இல்லை, போட்டாலும் எரிந்துவிடும். புகையில் கரி உண்டு, நீராவி உண்டு. பிஎஸ்-3 காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது; பிஎஸ்-6 டீசலில் அது 10 பங்கு. அந்தக் கந்தகமும் குளிர்ந்த நீராவியும் சேர்ந்தால் அமிலம். வண்டி தினமும் நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், கதவும் அடிக்கடி திறந்து மூடும். பக்கத்துப் பள்ளிக்குக் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று மெதுவாகவே ஓடும் வேனில் கதவு திறக்க வேண்டிய அழுத்தமே வராது. அசையாத அச்சைத் துரு பிடித்துக்கொள்ளும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

கதவு எந்த நிலையில் இறுகியது என்பதைப் பொறுத்துத் தொல்லை மாறும். திறந்தபடி, அல்லது பாதி திறந்தபடி நின்றுவிட்டால் புகை பக்கவழியிலேயே போய்விடும். டர்போ சுழலும், ஆனால் அழுத்தம் ஏறாது. பிக்கப் செத்துவிடும், கறுப்புப் புகை வரும், டீசல் அதிகம் குடிக்கும், வழக்கமாகக் கேட்கும் டர்போ விசில் மங்கிவிடும். மூடியபடி இறுகினால் நேர் எதிர். முதலில் வண்டி நன்றாகவே இழுக்கும், ஓட்டுநர் சந்தோஷப்படுவார். பிறகு மேட்டில் விசில் கூர்மையாகும், எஞ்சினில் தட்டல் சத்தம் கேட்கும், இன்டர்கூலர் ஹோஸ் ‘படார்’ என்று கழன்று விழும். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகலாம், அளவுமீறிச் சுழன்று டர்போ அச்சே உடையலாம்.

அச்சு உடைவதில் உயிர் ஆபத்தும் உண்டு. டர்போவின் ஆயில் எஞ்சினுக்குள் புகுந்தால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக உச்ச வேகத்தில் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டு கிளட்ச்சை விட்டு எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பயணிகள் இருந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டுங்கள். காற்று உறிஞ்சும் வாயைக் கையால் பொத்த முயலவே கூடாது.

சோதனைக்கு வருவோம். பல பட்டறைகளில் நடக்கும் ஒரு தவறான சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் திறந்து, வண்டி நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். ராடு அசையாது. உடனே வேஸ்ட்கேட் ஜாம் என்று தீர்ப்பு. சுமை இல்லாமல் எஞ்சின் சுழலும்போது எரியும் டீசல் கொஞ்சம், புகையின் வலுவும் கொஞ்சம். கதவைத் திறக்கும் அளவுக்கு அழுத்தமே உருவாகாது. நல்ல வண்டியிலும் அப்போது ராடு அசையாமல் இருக்கலாம். அதேபோல, ராடைக் கையால் தள்ளிப் பார்த்து “அசையவே இல்லை” என்பதும் சான்று ஆகாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி.

டர்போவைத் தொடுவதற்கு முன் மலிவான காரணங்களைக் கழித்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? இன்டர்கூலருக்குப் போகும், அங்கிருந்து வரும் ரப்பர் குழாய்களில் கீறல் உண்டா? வெளிப்புறத்தில் புதிதாக ஆயில் கசிந்து தூசி ஒட்டிய இடம் இருந்தால் காற்றும் அங்கேதான் கசிகிறது. சைலன்சர் அடைப்பு, பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இறுகுவது, இவையும் இழுவையைத் தின்னும். புகையைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். இழுவை இல்லை, கறுப்புப் புகை உண்டு என்றால் காற்றுப் பக்கம் குறை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பக்கம் சந்தேகப்பட வேண்டும்: டீசல் ஃபில்டர், அல்லது சில பழைய எஞ்சின்களில் டீசல் பம்பின் மேலேயே இருக்கும் அழுத்தக் கட்டுப்பாட்டு டப்பா. அதற்கும் காற்றுக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் போகும். அந்த ஹோஸில் விரிசல் விட்டால், டர்போ எவ்வளவு காற்று தந்தாலும் பம்ப் டீசலைக் கூட்டாது. வேஸ்ட்கேட் ஹோஸையும் இதையும் குழப்பிக்கொண்டு நல்ல டர்போவைக் கழற்றிவிடுவதும் உண்டு.

இப்போது கிளிப். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது நல்லது. டார்ச் அடித்து ஆக்சுவேட்டரைக் கண்டுபிடியுங்கள். ராடு லீவரில் சேரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ராடின் நீளத்தைத் தீர்மானிக்கும் மரையும் லாக் நட்டும் எங்கே நிற்கின்றன என்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைத் தொட வேண்டாம். நுனியில் உள்ள லாக் கிளிப்பை மட்டும் நோஸ் பிளேயரால் நிதானமாக எடுங்கள். பழைய கிளிப் துள்ளி எஞ்சினுக்குள் விழும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், மாற்றுக் கிளிப் ஒன்றும் கையில் இருக்கட்டும். ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருப்பதால் ராடு உடனே பின்னிலிருந்து வராது. ராடை நேர்கோட்டில், வளையாமல், லேசாக வெளியே இழுத்தபடி பின்னைவிட்டு நகர்த்த வேண்டும்.

கழன்றதா? இனி லீவரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். நல்ல வேஸ்ட்கேட்டில் லீவர் தங்குதடையில்லாமல் திரும்பும். மூடும் பக்கம் கொண்டுபோனால் உள்ளே இரும்பு இரும்பில் உட்காரும் ‘டக்’ சத்தம் தெளிவாகக் கேட்கும். லீவர் அசையவே இல்லை என்றாலும், சொரசொரவென்று பாதியில் நின்றாலும் அச்சு இறுகியிருக்கிறது. லீவர் இலகுவாகத் திரும்புகிறது, ஆனால் ‘டக்’ கேட்காமல் தொளதொளவென்று ஆடுகிறது என்றால் கதவு அச்சிலிருந்து கழன்றிருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் குறை ஆக்சுவேட்டர் பக்கம். ஒரே ஒரு கிளிப்பைக் கழற்றியதில் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அச்சு இறுகியிருந்தால் பொறுமைதான் முதல் கருவி. துரு இளக்கும் ஸ்ப்ரேயை லீவர் உறைக்குள் நுழையும் இடத்தில் நனைய நனைய அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் லீவரை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் அசைக்கப் பாருங்கள். அசைவு தொடங்கியதும் மறுபடி ஸ்ப்ரே, மறுபடி அசைவு. லீவரின் மேல் மரச் சுத்தியாலோ பித்தளைத் துண்டை வைத்தோ மென்மையாகத் தட்டலாம். ஆக்சுவேட்டர் ராடில் தட்டவோ ராடைப் பிடித்து நெம்பவோ கூடாது. ராடு வளைந்தால் கதவு திறக்கும் அளவே மாறிவிடும். கேஸ் விளக்கால் சூடாக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பக்கத்திலேயே ரப்பர் டயாஃப்ரம், ஆயில் குழாய், சில வண்டிகளில் பிரேக் குழாய். போதாக்குறைக்கு அடித்த ஸ்ப்ரேயே தீப்பிடிக்கும். அதே காரணத்தால்தான் சூடான டர்போ மேல் ஸ்ப்ரே அடிப்பதும் ஆபத்து. அச்சு இளகியதும் சாதாரண கிரீஸ் வைக்காதீர்கள். இரண்டு நாளில் கருகிக் கரியாகி, மறுபடி அதே இறுக்கத்தைத் தரும். நிக்கல் கலந்த, அதிக வெப்பம் தாங்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கடைகளில் கிடைக்கிறது. அதை மெல்லியதாகத் தடவினால் போதும்.

ஸ்ப்ரேயால் இளகிய அச்சு சில வாரங்களில் மறுபடி இறுகினால், புஷ்ஷுக்குள் இருக்கும் துரு வெளியே வரவில்லை என்று பொருள். அப்போது டர்போவை இறக்கித்தான் ஆக வேண்டும். உறையைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் லாத் பட்டறையில் புஷ் மாற்றலாம். இறக்கும்போது மேனிஃபோல்டு ஸ்டட்கள் முறியக் கூடும் என்பதால் அந்தச் செலவையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டும்போது கேஸ்கட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான எஞ்சின் ஆயில் ஊற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்தி, கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்து ஆயில் அழுத்தம் வந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் அச்சு அது. காய்ந்த நிலையில் சில நொடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

ஆக்சுவேட்டர் மேல் சந்தேகம் என்றால் முதலில் ஹோஸ். வெடித்த ஹோஸ், கழன்ற ஹோஸ், தவறான இடத்தில் மாட்டிய ஹோஸ், எதுவாக இருந்தாலும் டப்பாவுக்கு அழுத்தம் போகாது. கதவு மூடியே இருக்கும். அளவுக்கு மீறிய காற்று எஞ்சினுக்குப் போகும். ஹோஸ் சரி என்றால், மீட்டர் உள்ள சைக்கிள் பம்பை டப்பாவின் வாயில் இணைத்து மெதுவாக அழுத்தம் கொடுங்கள். வண்டிக்குரிய அளவை நெருங்கும்போது ராடு நகரத் தொடங்க வேண்டும். அழுத்தத்தை நிறுத்தினால் மீட்டர் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. டயர் கடை கம்ப்ரஸரை நேராக மாட்டிவிடாதீர்கள். அதில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். நல்ல டயாஃப்ரமையும் கிழித்துவிடும். 20 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. கெட்டுப்போனது ஆக்சுவேட்டர் என்றால் அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். டர்போவில் பொறித்திருக்கும் தகட்டு எண்ணைக் கொடுத்தால் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது.

ராடைத் திரும்ப மாட்டும்போது அதன் துளை பின்னுக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கும். அளவு தப்பிவிட்டது என்று நினைத்து மரையைத் தளர்த்திவிடாதீர்கள். கதவை இறுக்கமாக மூடி வைக்கவே ஸ்பிரிங்குக்கு அந்த முன்னிழுப்பு. ராடை லேசாக இழுத்துத்தான் பின்னில் மாட்ட வேண்டும்.

அந்த மரையை வைத்துச் செய்யும் ஒரு வேலையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். “பிக்கப் ஏத்தித் தர்றேன்” என்று மரையை இறுக்குவார்கள். ஹோஸை அடைத்துவிடுவார்கள். கதவை வெல்டிங் வைத்தே மூடிவிடுவதும் உண்டு. முதல் நாள் வண்டி பறக்கும். அந்த எஞ்சினின் பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பன்னிரண்டு பேரையோ பதினெட்டுக் குழந்தைகளையோ ஏற்றிப் போகும் வண்டியில் இதைச் செய்வது குற்றம் என்றே நான் கருதுகிறேன்.

எல்லா வேனுக்கும் இது பொருந்தாது. வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ உள்ள எஞ்சின்களில் இந்தக் கதவு இருக்காது. டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும். அவையும் கரியால் இறுகும், ஆனால் அதற்கு வேறு வைத்தியம். வெளியே பார்த்தால் அங்கும் டப்பா, ராடு, லீவர் எல்லாம் இருக்கும் என்பதால் வண்டிக் கையேட்டில் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது அவசியம். காமன் ரயில் எஞ்சின்களில் சிலவற்றில் ஆக்சுவேட்டருக்கு முன்னால் ஒரு மின் வால்வும் இருக்கும். வேக்குவம் மூலம் இயங்கும் டப்பாவை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கக் கூடாது, வேக்குவம் பம்ப் வேண்டும். அத்தகைய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டினால் அழுத்தம் குறைவு என்றால் பி0299, அதிகம் என்றால் பி0234 என்ற கோடு வரும். ஸ்கேனர் சொல்வது நோயின் அறிகுறியை மட்டும்தான். பி0299 வந்ததும் டர்போ ஆர்டர் போடுவது, மலையில் புகை வந்ததும் டர்போ ஆர்டர் போடுவதற்குச் சமம்.

வேலை முடிந்த பிறகு சமவெளியில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றுக் குழாயில் தற்காலிகமாக ஒரு பூஸ்ட் மீட்டர் இணைத்து, சுமையோடு ஒரு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். முள் ஏறி, வண்டிக்குரிய அளவில் நிற்க வேண்டும். ஏறாமலே இருந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

பள்ளி வேன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கோடை விடுமுறையில் வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது. மே மாதம் ஆர்டிஓ ஆய்வில் அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பிரேக் எல்லாம் பார்க்கிறார்கள். வேஸ்ட்கேட் அந்தப் பட்டியலில் இல்லை. விடுமுறையில் வாரம் ஒருமுறையாவது வண்டியை வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுவதால் பயனில்லை. ஈரமும் கரியும்தான் சேரும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், ஆய்வுக்காக வண்டி எப்படியும் பட்டறைக்குப் போகும். அன்றைக்கே அந்தக் கிளிப்பையும் கழற்றி, லீவரை ஒருமுறை உங்கள் கண் முன்னால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.